இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயம்: உட்புறக் காட்சியும் ஒளிப்படப் பதிவும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை வானம் பார்த்த பூமியின் ஊடே செல்வது. கரிசற்காடு, நீர் வற்றிய கண்மாய், சீமைக் கருவேலம், ஆங்காங்கே ஒற்றைப் பனை, மீண்டும் கண்மாய். இப்பாதை முடியுமிடத்தில் வைகை. அங்கிருந்து மதுரைச் சாலையில் திரும்பி, முத்தனேந்தலில் ஆற்றைக் கடந்தால் இடைக்காட்டூர் என்னும் சிற்றூரை அடையலாம். மதுரையிலிருந்து நேரே வருவோர்க்கு இவ்வூர் ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவு. ஓட்டுவீடுகளுக்கு மேலே கூர்ங்கோபுரங்கள் எழுந்து நிற்பதைக் காணும் புதியவர் சற்றே திகைப்பர். பிரான்சு நாட்டு ரீம்ஸ் நகரப் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பெர்டினாண்டு செல் என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவின் முயற்சியால் 1894ஆம் ஆண்டில் எழுந்த திரு இருதய ஆண்டவர் ஆலயம் அது.

ஆலயத்தின் வரலாற்றை முழுமையாக உரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தகைய சிற்றூர்த் தேவாலயம் ஒன்றன் உட்புறத்தை எவ்வாறு காண்பது, எவ்வாறு படம் எடுப்பது, அதனினும் முதன்மையாக, எதன்பொருட்டு எடுப்பது என்பனவே இங்குப் பேசப்படுவன. இவற்றைப் பேச எனக்குள்ள தகுதி, முதன்முறை அங்குச் சென்றபோது இம்மூன்றிலும் தவறியவன் என்பதே.

2003ஆம் ஆண்டில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற படக்கருவியோடு இடைக்காட்டூர் சென்றேன். 36 படங்கள் கொண்ட ஒரு சுருள். மாணவனின் கைச்செலவில் அது சிறு தொகையன்று. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும், இருட்டாக உள்ளதே என்று எண்ணிப் பிளாஷ் ஒளியைப் பயன்படுத்தி எடுத்துத் தள்ளினேன். ஓரத்தில் அமர்ந்து செபம் செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் கண்களை மூடித் திறந்ததைக் கவனித்தும் நிறுத்தவில்லை. இறுதியில் அவர் எழுந்து வந்து, “பாய், கொஞ்சம் உக்காருங்க. கண்ணு பழகட்டும். பெறகு பாருங்க, எல்லாம் தெரியும்” என்றார். அவர் சினந்து கூறவில்லை. அதுவே என்னை நாணச் செய்தது. ஊர் திரும்பிப் படங்களைக் கழுவிப் பார்த்தபோது, முன்வரிசைப் பலகை வெள்ளை வெளேரென்றும் அதற்கப்பால் யாவும் கரிய இருளாகவும் இருந்தன. தூண் இல்லை, வளைவு இல்லை, பீடம் இருந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் மினுங்கியது.

அம்முதியவர் கூறியதே இக்கலையின் முதற்பாடம். நம் கண் ஒளிக்கும் இருளுக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் வேண்டும். அச்சில நிமிடங்கள் அமர்ந்திருப்பவரே உட்புறத்தைக் காண்கின்றனர். ஏனையோர் வாசலைக் கண்டு திரும்புகின்றனர்.

ஊரும் பெயரும்

தமிழ் மாணவர்க்கு இவ்வூரின் பெயரே ஒரு வாயில். சங்கத் தொகைநூல்களில் இடம்பெறும் புலவர்களுள் இடைக்காடனார் ஒருவர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ‘இடைக்காடன் பிணக்குத் தீர்த்த படலம்’ என்றொரு படலமே உண்டு. பாண்டியன் புலவனை மதியாமையால் இறைவனே கோயிலை நீங்கி வைகைக் கரைக்குச் சென்றான் என்பது அதன் கதை. பதினெண் சித்தர் வரிசையிலும் இடைக்காடர் என்ற பெயர் வருகிறது. பஞ்சம் வருவதறிந்து எருக்கிலையை ஆடுகளுக்குப் பழக்கி, கோள்களையே இடம் மாற்றிக் கிடத்தி மழை பெய்வித்தார் என்னும் மரபுக்கதையை இவ்வூரோடு சார்த்திக் கூறுவர். அவர் பெயரால் இங்கு நவக்கிரகக் கோயிலும் உள்ளது. மூவரும் ஒருவரா, வேறு வேறானவரா என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. சங்கப் பெயர், சித்தர் கதை, பிரெஞ்சு நாட்டுக் கட்டடக்கலை ஆகிய மூன்றும் ஒரே ஊரில் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதே நோக்கத்தக்கது.

மதுரையில் இராபர்ட் தெ நொபிலி 1606இல் வந்து தொடங்கிய பணி, ஓரியூரில் அருளானந்தர் 1693இல் கொலையுண்டமை, 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டமை, 1838இல் பிரெஞ்சுக் குருமார் மீண்டும் மதுரைப் பகுதிக்கு வந்தமை என்று நீளும் தொடர்ச்சியில் இவ்வாலயமும் ஒரு கண்ணி. இன்று இது 1987இல் அமைந்த சிவகங்கை மறைமாவட்டத்தைச் சார்ந்தது. நோயுற்று நலம்பெற்ற பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரின் நேர்ச்சைப் பொருளே கட்டடப் பணிக்குத் துணையாயிற்று என்று தலவரலாறு கூறும். உயிர்ப்புத் திருநாளுக்குப்பின் இங்கு நடைபெறும் பாஸ்கா நாடகம் பல ஊர் மக்களையும் ஈர்ப்பது.

கல் செங்கல்லாயிற்று

ரீம்ஸ் பேராலயம் 1211இல் தொடங்கப்பெற்றது. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய இடம். அதன் நடுக்கூடத்து உட்கூரை ஏறத்தாழ 38 மீட்டர் உயரத்தில் உள்ளது. முழுவதும் சுண்ணாம்புக்கல்லால் ஆன பெருங்கட்டடம். அதன் அச்சே இடைக்காட்டூர் ஆலயம் என்று சொல்லக் கேட்கிறோம். இக்கூற்றை நான் முழுதும் ஏற்பதில்லை. ஒரு சிற்றூர் ஆலயம் அத்தனை பெரிய கட்டடத்தின் படியாக இருத்தல் இயலாது. இங்கு நிகழ்ந்தது படியெடுத்தலன்று, பெயர்த்தமைத்தல்.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது நாட்டுப் படலத்தில் என்ன செய்தார்? மழை பொழிந்தது, வெள்ளம் பெருகியது, வயல் விளைந்தது என்றார். பாலைநிலத்துக் கதையை மருதநிலத்து மண்ணில் நட்டார். அவர் அடங்கியுள்ள எட்டயபுரம் நமக்கு அண்மையூர். வீரமாமுனிவர் தேம்பாவணியில் செய்ததும் அத்தகையதே. யூதேயா நாட்டுச் சூசையப்பரின் வரலாறு தமிழ்க் காப்பிய உறுப்புகளைப் பூண்டு நிற்கிறது. அப்புலவர்கள் சொல்லில் செய்ததை இடைக்காட்டூரில் கொத்தனார்கள் செங்கல்லில் செய்தனர். ரீம்ஸ் சிற்பி கல்லில் செதுக்கிய கூர்வளைவையும் இலைக்கொடியையும் இங்குள்ளோர் அச்சில் வார்த்துச் சுட்டெடுத்தனர். ஏறத்தாழ இருநூறு வகை அச்சுச் செங்கற்களும் ஓடுகளும் இவ்வாலயத்துக்கெனப் பயன்பட்டன என்று கூறுவர். கடம் செய்யும் மண்ணுக்குப் பெயர்பெற்று, 2023இல் தன் மண்பாண்டத் தொழிலுக்குப் புவிசார் குறியீடும் பெற்ற மானாமதுரை இதற்கு அண்டையூர் என்பதை நினைத்துப் பார்த்தால், சுடுமண்ணை இவ்வட்டாரம் கையாளும் திறத்தில் வியப்பில்லை.

ஆகவே படம் எடுக்கச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். பீடத்தையும் பிரான்சிலிருந்து வந்த சொரூபங்களையும் எடுப்பதோடு திரும்பிவிடாதீர்கள். அவை அழகியவை, எல்லாரும் எடுப்பவை. ஒரு தூணின் அடி, ஒரு வளைவின் பிறப்பிடம், இரண்டு அச்சுச் செங்கற்கள் கூடுமிடம் ஆகியவற்றையும் எடுங்கள். உள்ளூர்க் கையின் சுவடு அங்குதான் பதிந்துள்ளது.

படத்தின் பயன்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், முதல் உலகப் போரின்போது ரீம்ஸ் பேராலயம் செருமானியப் பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்காயிற்று. பழுதுபார்க்கக் கட்டியிருந்த மரச்சாரத்தில் தீப்பற்றிக் கூரைக்குத் தாவிற்று. கூரையின் ஈயம் உருகி ஓடிற்று. வாயிலில் நின்ற ‘புன்னகைக்கும் வானதூதர்’ சிற்பத்தின் தலை வீழ்ந்து உடைந்தது. இடைக்காட்டூரில் பிள்ளை ஆலயம் எழுந்து அப்போது இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. தாய் ஆலயமோ எரிந்து நின்றது.

அப்புன்னகை மீண்டும் எவ்வாறு வந்தது? வீழ்ந்த துண்டுகளைப் பேணிவைத்தனர். அத்தோடு, அச்சிற்பத்துக்கு முன்னரே எடுத்த வார்ப்பு ஒன்று பாரிசு அருங்காட்சியகத்தில் இருந்தது. இவ்விரண்டையும் கொண்டு 1926இல் தலையை மீட்டமைத்தனர். ஒளிப்படக்கலை தோன்றிச் சில ஆண்டுகளிலேயே, 1851இல், பிரெஞ்சு அரசு ஐந்து ஒளிப்படக் கலைஞர்களை நாடெங்கும் அனுப்பித் தொன்மைக் கட்டடங்களைப் படமெடுக்கச் செய்ததையும் இங்கு எண்ண வேண்டும். பதிவு செய்து வைக்கும் வழக்கம் அந்நாட்டில் தீ வருமுன்னரே இருந்தது. ஆலயம் 1938இல் மீண்டும் திறக்கப்பெற்றது. நம் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. பாரிசு நோத்ர் தாம் பேராலயத்தை அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூ டாலன் லேசர்க் கருவியால் அணு அணுவாக அளந்து வைத்திருந்தார். அவர் 2018இல் மறைந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15இல் ஆலயம் தீக்கிரையாயிற்று. 2024 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பெற்றதில் அவர் விட்டுச்சென்ற அளவுகளுக்கும் பங்குண்டு.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையைப் படம் பிடித்தார். திருமலை நாயக்கர் மகால் பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பெறுவதற்குமுன் எந்நிலையில் இருந்தது என்பதை இன்று அவர் படங்களால் அறிகிறோம். ஆனால் டிரைப் மதுரைக்கும் தஞ்சைக்கும் சென்றார். சிற்றூர்களுக்கு யார் சென்றார்?

எங்கள் நன்னாவின் ஊர் நரிக்குடிப் பக்கம். அவ்வூர்ப் பள்ளிவாசலின் உட்சுவரில் மிஹ்ராபைச் சுற்றிச் சுண்ணச்சுதையில் ஒரு கொடி ஓடியது. அக்கொடியின் நுனியில் மாதுளையோ தாமரை மொட்டோ என்று துணிய இயலாத ஒரு வடிவம் இருந்தது. சிறுவயதில் நானும் என் சின்னத்தா பிள்ளைகளும் அதனைப் பற்றி வாதிட்டதுண்டு. பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது சுவர் முழுவதும் பளிங்கு ஓடு பதித்தனர். நல்லெண்ணத்தோடு, ஊரார் வரிப்பணத்திலும் வெளிநாட்டில் உழைத்தோர் அனுப்பிய பணத்திலும் செய்த பணி. எவரையும் குறைகூற வழியில்லை. தொழுகைக்கு வருவோர் பெருகினர், இடம் போதவில்லை, சுவரும் ஓதமேறியிருந்தது. எனினும் ஓடு பதிக்குமுன் ஒருவரேனும் ஒரு படம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அது மாதுளையா, மொட்டா என்று இனி ஒருவராலும் கூற இயலாது. அவ்வூர்க் கொத்தனாரின் கை எந்தக் கோயிலில், எந்தத் தேவாலயத்தில் அதே கொடியை வரைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று. கோயில்களில் மணல்வீச்சு முறையால் தூண்களைத் துலக்கும்போதும், தேவாலயங்களில் பழைய சுண்ணச்சாந்தின்மேல் பிளாஸ்டிக் வண்ணம் பூசும்போதும் நேர்வது இதுவே. தீயும் போரும் நாளிதழில் வரும். வண்ணப்பூச்சு வராது.

உள்ளே செல்லும் முறை

தேவாலயம் முதலில் வழிபாட்டிடம். பிறகே வரலாற்றுச் சின்னம். ஆகவே பங்குக் குருவிடம் முன்னரே நேரிலோ மடலிலோ அனுமதி கேட்க வேண்டும். எந்நாள், எத்தனை பேர், முக்காலி கொண்டுவருவோமா, படங்களை எதற்குப் பயன்படுத்துவோம் என்பவற்றைக் கூற வேண்டும். ஞாயிறும் திருப்பலி நேரமும் ஆகா. திரு இருதய ஆலயம் ஆதலின் மாத முதல் வெள்ளிக்கிழமைகளிலும், பெரும்பாலும் சூன் திங்களில் வரும் திரு இருதயப் பெருவிழாவிலும் அடியார் கூட்டம் மிகும், அந்நாள்களையும் தவிர்க்கலாம். மிதியடிகளை வெளியில் விடுவது நம் நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் வழக்கம். பீடத்தின் பக்கம் எரியும் சிறு விளக்கு, நற்கருணைப் பேழையில் நற்கருணை உள்ளது என்பதன் அடையாளம். கிறித்தவர்க்கு அது கோயிலினும் கோயில். அதன் முன் உரத்துப் பேசுதல், பீடத்தின் படிகளில் ஏறி நின்று படம் எடுத்தல், பேழைக்கு முதுகு காட்டித் தற்படம் எடுத்தல் ஆகியன கூடா. மண்டியிட்டிருப்போரின் முகத்தை, அவர் இசைவின்றி, எத்துணை அழகிய காட்சியாயினும் எடுத்தல் தகாது. பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து நிற்போரின் பக்கம் கருவியைத் திருப்பவே கூடாது.

இசுலாமிய மாணவர் தேவாலயத்துள் செல்லலாமா என்னும் வினா நம் கல்லூரியில் எழாமல் இராது, எழுந்தது. நஜ்ரான் நாட்டுக் கிறித்தவத் தூதுக்குழுவினர் மதீனாப் பள்ளிவாசலிலேயே தம் வழிபாட்டைச் செய்ய நபிகள் நாயகம் (ஸல்) இசைந்தார்கள் என்று இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு கூறும். மடங்கள், தேவாலயங்கள், யூத ஆலயங்கள், பள்ளிவாசல்கள் யாவற்றையும் இறைவன் பெயர் நினைவுகூரப்படும் இடங்களாகத் திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 40ஆம் வசனம் ஒருங்கே சுட்டுகிறது. செருசலேம் வந்த கலீபா உமர் (ரலி) புனிதக் கல்லறை ஆலயத்துள் இருந்தபோது தொழுகை நேரம் வந்தது. உள்ளே தொழாமல் வெளியே சென்று தொழுதார். தாம் தொழுத இடம் என்று கூறிப் பின்வருவோர் அவ்வாலயத்துக்கு உரிமை கொண்டாடக்கூடும் என அஞ்சியதே காரணம். இச்செய்தியைப் பதிந்து வைத்தவர் பத்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிறித்தவத் தலைவராக விளங்கிய யூட்டிகியசு. உள்ளே செல்வதும், உள்ளே சென்றபின் அது பிறர் இடம் என்பதை மறவாதிருப்பதும் ஒருங்கே இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

மாணவர் ஒருவர், “சார், சிலைகளைப் படம் எடுக்க மனசு ஒப்பல” என்றார். அவர் தயக்கத்தை நான் எள்ளவில்லை. கூர்வளைவுகளையும் செங்கற்களையும் அவர் எடுக்கட்டும், சொரூபங்களைக் கிறித்தவ, இந்து மாணவர்கள் எடுக்கட்டும் என்று பணியைப் பகிர்ந்தோம். விளைவு விந்தையானது. மற்றவர் யாரும் நிமிர்ந்தும் பாராத உட்கூரையின் மூலைகள் அவர் படங்களில்தான் முழுமையாக வந்தன.

ஒளியை அறிதல்

இனிக் கருவி பற்றி. 2003இல் என் பிளாஷ் ஏன் தோற்றது? ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். மூன்று மீட்டரில் உள்ள பலகைக்குக் கிடைக்கும் ஒளியில், பன்னிரண்டு மீட்டரில் உள்ள தூணுக்குப் பதினாறில் ஒரு பங்கே கிட்டும். முன்னது வெளுக்கும்; பின்னது கருக்கும். அன்றியும், நேர்முன்னிருந்து பாயும் ஒளி நிழலை அழித்துவிடும். நிழலின்றிப் புடைப்புச் சிற்பம் இல்லை. கட்டடக்கலைஞன் சாளரங்களை எங்கெங்கு வைத்தானோ அங்கிருந்து வரும் ஒளியே அவன் எண்ணிய ஒளி. அதைக்கொண்டே எடுக்க வேண்டும்.

கோதிக் கலை பிறந்தது வெயில் குறைந்த வடபுலத்தில். கூர்வளைவும் விலாக்கூரையும் பாரத்தைத் தூண்களில் இறக்கிச் சுவரை விடுவித்தன. விடுபட்ட சுவரில் பெருஞ்சாளரங்கள் அமைத்து, கிடைத்த சிறு ஒளியையும் உள்ளே வரவழைத்தனர். அதே வடிவம் மானாமதுரை வெயிலுக்கு வந்தபோது சிக்கல் தலைகீழாயிற்று. வெளியே கண் கூசும் வெளிச்சம், உள்ளே தண்ணிழல். சாளரத்துக்கு ஏற்ப எடுத்தால் சுவர் இருளும்; சுவருக்கு ஏற்ப எடுத்தால் சாளரம் வெண்திட்டாகும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்கக் கருவியால் இயல்வதில்லை. இதற்கு வழி இரண்டு. காலையிலோ மாலையிலோ வெயில் தணிந்திருக்கும்போது, அல்லது மேகமூட்டமுள்ள நாளில் செல்லலாம். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்கள் நன்று. அன்றேல், கருவியை அசைக்காமல் ஒரே காட்சியை இருள் நிறம், நடுத்தரம், வெளிர் நிறம் என மூன்று அளவில் எடுத்துப் பின்னர் இணைக்கலாம்.

அசையாமை இன்றியமையாதது. முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒளித்துளையை எட்டு அல்லது பதினொன்று என்னும் எண்ணில் வைத்து, ஒளியுணர் திறனை நூறு என்னும் அளவில் குறைத்து, ஓரிரு நொடிகள் ஒளிபட விடுதல் வேண்டும். அருகிலுள்ள பலகை முதல் தொலைவிலுள்ள பீடம்வரை யாவும் தெளிவாக வரும். முக்காலியின் கால்களுக்குத் துணியோ ரப்பரோ சுற்றிக்கொள்க, தரை அவர்களுடையது. செல்பேசி மட்டுமே உள்ளவர் வருந்த வேண்டுவதில்லை. அதனைப் பலகையின் முதுகில் சாய்த்து நிறுத்தி, தாமதமாக இயங்கும் பொத்தானை அமைத்து எடுத்தால் போதியது.

உயரத்தை அடக்கும் ஆசையில் கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். கருவியை மட்டமாக வைத்துப் பின்னோக்கி நகர வேண்டும். நடுவாயிலில் இருந்து பீடம் நோக்கி, பீடத்தின் கீழிருந்து வாயில் நோக்கி, நான்கு மூலைகளிலிருந்து எதிர்மூலை நோக்கி என எடுத்து, ஒரு படத்தின் பாதியேனும் அடுத்த படத்தில் வருமாறு தொடர்ந்தால் நலம். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று கவியும் படங்களிலிருந்து கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்தையே கணிப்பொறியில் மீட்டமைக்கும் முறை இன்று எளிதாகியுள்ளது. கல்வெட்டு, கல்லறைப்பலகை ஆகியவற்றைக் கைவிளக்கின் ஒளி பக்கவாட்டில் தாழ்வாகப் படுமாறு பிடித்து எடுக்க வேண்டும். எழுத்துகள் எழுந்து நிற்கும். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் கல்லுக்குச் செய்யும் கேடு. நம் கல்வெட்டு ஆர்வலர் சிலர் இன்னும் இதனைக் கைவிடவில்லை.

நுண்பகுதி எடுக்கும்போது ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். அளவு தெரியாத செங்கல் படம் ஆய்வாளனுக்குப் பாதிப் பயனே தரும். படம் எடுத்த நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை ஆகியவற்றை அப்போதே ஏட்டில் எழுத வேண்டும். வீடு சென்று எழுதலாம் என்போர் எழுதுவதில்லை, நானே சான்று.

எங்கள் துறை மாணவர்கள் பதினொருவரோடு அண்மையில் மீண்டும் சென்றபோது, முதல் இருபது நிமிடம் கருவியை எவரும் தொடக்கூடாது என்று விதித்திருந்தேன். அமர்ந்திருந்தோம். முதலில் பீடம் தெரிந்தது. பிறகு தூண்கள். பிறகு, அம்முதியவர் அன்று கூறியவாறே, எல்லாம். மதியம்வரை 140 படங்கள் எடுத்தோம். அவற்றுள் தேர்ந்தவற்றை அச்சிட்டு, பின்புறம் நாளும் திசையும் எழுதி, ஒரு படி பங்கு இல்லத்துக்கு அளித்தோம். மற்றொரு படி நம் துறை நூலகத்தில், இலக்கிய வரலாற்று நூல்கள் உள்ள பேழையின் கீழ்த்தட்டில் உள்ளது. மாணவர்கள் கேட்டால் நூலகர் எடுத்துத் தருவார்.

திரும்பும் வழியில் நரிக்குடியில் வண்டியை நிறுத்தி, நன்னாவின் ஊர்ப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றேன். ஓடு பதியாமல் எஞ்சியிருப்பது தென்புறத் திண்ணையும் அதன் நான்கு கல்தூண்களும்தாம். தூண்களின் போதிகையில் பூமொட்டு உள்ளது. வெளிச்சம் போய்விட்டிருந்தது. முத்தவல்லியிடம் பேசினோம், ஷவ்வால் பிறை ஏழுக்குப்பின் ஒரு காலைப்பொழுதில், லுஹருக்கு முன்னர் முடித்துக்கொள்ளுமாறு கூறியுள்ளார்.